பிரைமா, சூமா? காசைக் கொடுக்கும் முன் பழைய படங்களைக் கேளுங்கள்

இந்தப் பத்தியில் வழமையாக எழுதப்படுவது காசோலை, கடன், கையிருப்பு, கடை வாடகை போன்ற விடயங்கள். இந்த வாரம் கெமரா லென்ஸ் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் வியாபாரிகளில் எத்தனை பேருடைய வீட்டு அலுமாரிக்குள் ஒரு கெமரா இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தம்பி கொண்டுவந்தது, மகன் பரீட்சையில் சித்தியடைந்ததற்கு வாங்கிக் கொடுத்து இப்போது வாப்பாவே பாவிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரமும் போயா விடுமுறையும் இவர்களுக்குப் படம் எடுக்கும் நேரம். நல்ல பொழுதுபோக்குத்தான். இவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் சந்தியும் ஒன்றுதான். கெமராவோடு வந்த லென்ஸ் போதவில்லை, இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டும். பிரைம் வாங்குவதா, சூம் வாங்குவதா?

இதில் போகும் பணம் சிறியதல்ல. கெனன் நிறுவனம் 2015ஆம் ஆண்டு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். என்ற சிறிய பிரைம் லென்ஸை வெளியிட்டபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 130 டொலர். அன்று ஒரு டொலர் 135 ரூபா அளவில் இருந்தது. வரியும் கடைக்காரரின் இலாபமும் சேராமல் கணக்குப் போட்டால் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபா வரும். 2022இல் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறி, பிறகு 300 அளவில் வந்து நின்றது. அதே 130 டொலர் 300 ரூபாப்படி முப்பத்தொன்பதாயிரம். சாமானில் ஒரு மாற்றமுமில்லை, நம் காசு மெலிந்திருக்கிறது. மிகவும் மலிவான லென்ஸுக்கே இந்தக் கணக்கு என்றால், 2,000 டொலரைத் தாண்டும் பெரிய சூம்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முன்பு ஒரு லென்ஸைப் பிழையாக வாங்கினால் மனம் வருந்திவிட்டு இன்னொன்றை வாங்கலாம். இப்போது அப்படி முடியாது.

அக்குறணையில் ஹாட்வெயார் கடை நடத்தும் ஒரு சகோதரர் இந்தக் கேள்வியோடு எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவரிடம் இருப்பது கெனன் டி.எஸ்.எல்.ஆர். கெமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும்.

"நானா, கடையில நிற்கிற பொடியன் 18-135 எடுங்க, ஒரே லென்ஸில எல்லாம் முடியும் என்கிறான். மருமகன் 50 பிரைம்தான் எடுக்கணும், சூம் பாவிக்கிறவன் போட்டோகிராபரே இல்ல என்கிறான். உம்மாவுக்கு எண்பது தாண்டிட்டு. பிளேஷ் அடிச்சா கண்ணை மூடிக்கொள்றா. பிளேஷ் இல்லாட்டி படம் ஆடிப்போகுது. உம்மாட நல்ல படம் ஒண்டு எடுத்து வைக்கணும் நானா. அதுதான் அவசரம்."

"தம்பி, இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருப்பீங்க?"

"ரெண்டாயிரத்துக்கு மேல வரும்."

"அதையெல்லாம் பார்த்தீங்களா?"

"படத்தைப் பார்த்தேன்."

"கணக்கைப் பார்த்தீங்களா?"

என்ன கணக்கு என்று கேட்டார். அந்தக் கணக்கைச் சொல்வதற்கு முன், இந்த இரண்டு வகை லென்ஸும் என்ன செய்கின்றன என்பதை, தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. இலக்கம் குவியத்தூரம். இலக்கம் சிறிதானால் அகலமாகத் தெரியும், பெரிதானால் தூரத்தில் உள்ளது கிட்ட வரும். சூம் லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் 18இலிருந்து 55 வரை எந்த இலக்கத்திலும் நிற்கலாம். பிரைமில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. 50 என்றால் 50தான். கிட்ட வேண்டுமானால் நீங்கள் முன்னுக்குப் போக வேண்டும், அகலம் வேண்டுமானால் பின்னுக்கு வர வேண்டும். நான் பிடவைக்கடைக்காரன் என்பதால் எனக்கு இப்படித் தோன்றுகிறது: சூம் என்பது ஃப்ரீ சைஸ் அபாயா, பிரைம் என்பது அளவெடுத்துத் தைத்தது. ஃப்ரீ சைஸ் யாருக்கும் போகும். அளவெடுத்தது ஒருவருக்குத்தான் போகும், ஆனால் அவருக்கு அது பொருந்துகிற மாதிரி மற்றது பொருந்தாது.

இரண்டாவது இலக்கம் எஃப். காசு போவது உண்மையில் இந்த இலக்கத்துக்குத்தான். லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துவாரத்தின் விட்டத்தால் குவியத்தூரத்தைப் பிரித்தால் வருவது இந்த எண். ஆகவே எண் சிறிதானால் துவாரம் பெரிது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் துவாரத்தின் விட்டம் சுமார் 28 மி.மீ. கெமராவோடு வரும் 18-55 லென்ஸை 55இல் வைத்தால் அது எஃப் 5.6, துவாரம் சுமார் 10 மி.மீ. ஒன்று கடைக் கதவு, மற்றது அதன் சாவித் துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்காகச் சொன்னால் எஃப் 1.8இல் வரும் வெளிச்சம் எஃப் 5.6இல் வருவதைப் போல் சுமார் பத்து மடங்கு.

பத்து மடங்கு என்றால் கையில் என்ன வித்தியாசம்? இரவில் வீட்டு மண்டபத்தில் மின்குமிழ் வெளிச்சத்தில் எஃப் 5.6இல் 1/15 செக்கன் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்றால், எஃப் 1.8இல் 1/150 செக்கன் போதும். 1/15 செக்கனில் மனிதர் தலையைச் சற்றுத் திருப்பினாலும் படம் கலங்கிவிடும். 1/150இல் அமைதியாக உட்கார்ந்திருப்பவர் தெளிவாக விழுவார். இங்கே ஒரு குழப்பம் எல்லோரிடமும் இருக்கிறது. "என் சூம் லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் ஐ.எஸ். இருக்கிறதே" என்பார்கள். அது தடுப்பது உங்கள் கையின் ஆட்டத்தை. உம்மாவின் தலை அசைவதையும் பேரப்பிள்ளையின் ஓட்டத்தையும் எந்த ஐ.எஸ்.ஸும் நிறுத்தாது.

அப்படியானால் மருமகன் சொன்னது சரிதானே, 50 பிரைமை வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். அறையை அளந்து பாருங்கள்.

முற்காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் பாவித்த பிலிம் கெமராக்களோடு பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ்தான் சேர்ந்து வந்தது. பிலிமில் விழும் படத்தின் அகலம் 36 மி.மீ. இன்று பொழுதுபோக்குக்காரர்கள் வைத்திருக்கும் கெனன் கெமராக்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் உணர்தகட்டின் அகலம் சுமார் 22 மி.மீ.தான். அதனால் அதே 50 இங்கே பழைய 80 போல வேலை செய்யும். மனிதர் முகத்துக்கு அது மிக அழகான அளவு. ஆனால் ஆறு பேர் வரிசையாக நிற்க ஏறத்தாழ 3 மீற்றர் அகலம் தேவை. அந்த 3 மீற்றரைப் படத்துக்குள் அடக்க 50 மி.மீ. லென்ஸோடு நீங்கள் 6.7 மீற்றர், அதாவது 22 அடி பின்னால் போக வேண்டும். நம் வீடுகளில் மண்டபம் 12 அடி இருந்தாலே பெரிய மண்டபம். சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்து வளவில் நின்றுதான் படம் எடுக்கலாம்! அதே ஆறு பேரை 18 மி.மீ.இல் எடுக்க 2.4 மீற்றர், எட்டு அடி போதும். சும்மா கிடைத்த கிட் லென்ஸ் இங்கே வெல்கிறது.

"காலால் சூம் செய்" என்று பிரைம் ரசிகர்கள் ஒரு வசனம் சொல்வார்கள். பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹென்றி காட்டியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் லைக்கா கெமராவும் 50 மி.மீ. லென்ஸும் வைத்தே தன் வாழ்நாள் வேலையைச் செய்தார் என்பதும் உண்மை. ஆனால் அவர் நடந்தது தெருக்களில். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர் வரிசையில் இருந்து எழுந்து மேடை வரை காலால் சூம் செய்தால் அதிபர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டப் பாதைக்குள் இறங்க முடியாது. குமண சரணாலயத்தில் நீரில் நிற்கும் நாரையை நோக்கி நடந்தால் அது பறந்துவிடும். இவைகளுக்கு 55-250 அல்லது 70-300 போன்ற தூர சூம்தான் வழி. இதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆக, லென்ஸ் வாங்குபவருக்கு இருக்கக்கூடிய குறைகள் இரண்டே. ஒன்று வெளிச்சக் குறை, மற்றது தூரக் குறை. வெளிச்சக் குறைக்கு மருந்து பிரைம். தூரக் குறைக்கு மருந்து சூம். தலைவலிக்காரருக்கு வயிற்றுவலி மருந்தைக் கொடுப்பது போல் கடைகளில் நடந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் வாங்க வருபவர் தனக்கு எந்த வலி என்று சொல்வதில்லை. எது நல்ல லென்ஸ் என்றுதான் கேட்கிறார். விற்பவர் தன்னிடம் தேங்கியிருப்பதைத்தான் நல்லது என்பார். நாமும் வியாபாரிகள்தானே, நமக்குத் தெரியாதா?

எந்த வலி என்பதை உங்கள் பழைய படங்கள் சொல்லும். அந்தச் சகோதரரிடம் நான் கேட்ட கணக்கு இதுதான். டிஜிட்டல் கெமரா ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு குறிப்பை எழுதி வைக்கிறது. எத்தனை மி.மீ.இல் எடுத்தது, எஃப் எத்தனை, ஷட்டர் எவ்வளவு நேரம், ஐ.எஸ்.ஓ. எத்தனை, எல்லாம் அதில் உண்டு. கணினியில் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'புரொபர்ட்டீஸ்' என்பதையும் பிறகு 'டீட்டெயில்ஸ்' என்பதையும் திறந்தால் வரும். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்தக் குறிப்பு இருக்காது, அது வழியில் கழன்றுவிடும். கெமரா கார்டில் இருந்து நேராக எடுத்த படமாக இருக்க வேண்டும்.

ஒரு தாளில் நான்கு நிரல் கீறுங்கள்: 18 முதல் 24, 25 முதல் 34, 35 முதல் 49, 50 முதல் 55. உங்களுக்குப் பிடித்த, அச்சடித்த, பிறருக்கு அனுப்பிய படங்களில் ஒரு 200 எடுத்து எந்த நிரலில் விழுகிறது என்று கோடு போடுங்கள். பிடித்த படங்களை மட்டும் எண்ண வேண்டும் என்பது முக்கியம். கடையில் எது அதிகம் எடுத்துக் காட்டப்பட்டது என்பது ஒன்று, எது விலைப்பட்டது என்பது வேறொன்று. ஒரு மாலை வேலைதான், தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

கோடுகளை வாசிப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வளையம் முட்டி நிற்கும் இரு முனைகளிலும், அதாவது 18இலும் 55இலும், எவருக்கும் குவியல் இருக்கும். 55இல் பெருங்குவியல் இருந்து, அந்தப் படங்களைப் பிறகு வெட்டிப் பெரிதாக்கியும் இருந்தால், உங்களுக்கு இன்னும் தூரம் வேண்டும் என்று பொருள். அப்படிப்பட்டவர் 50 பிரைம் வாங்கினால் வீண். 18இல் குவியல் என்றால் உங்கள் இடங்கள் சிறியவை. நடுவில், 30க்கும் 40க்கும் இடையில் குவியல் என்றால் உங்கள் கண் ஒரு அகலத்தில் பழகிவிட்டது, அந்த இலக்கத்தில் ஒரு பிரைம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. நான்கு நிரலிலும் ஏறத்தாழச் சமமாக விழுந்திருந்தால் நீங்கள் சூம்காரர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, கெட்டுப்போன படங்களைப் பாருங்கள். அழித்திருந்தால் இனி அழிக்காமல் ஒரு மாதம் வைத்திருங்கள். கலங்கிய படங்களில் ஷட்டர் 1/15, 1/20 என்று இருந்தால் வெளிச்சக் குறை. ஷட்டர் 1/250 இருந்தும் படம் பிடிக்கவில்லை, ஆள் எறும்பு அளவில் தெரிகிறார் என்றால் தூரக் குறை. இரண்டும் இல்லாமல் படம் அழகில்லை என்றால் அதற்குரிய லென்ஸை இன்னும் எந்த நிறுவனமும் செய்யவில்லை.

கணக்கு பிரைம் பக்கம் சாய்ந்தாலும் உடனே வாங்க வேண்டாம். கிட் லென்ஸின் வளையத்தை 35இலோ 50இலோ வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் அப்படியே படம் எடுங்கள். வெளிச்சம் கூடாது, ஆனால் அந்த ஒரே இலக்கத்தோடு உங்களால் குடித்தனம் நடத்த முடியுமா என்பது தெரிந்துவிடும். இரண்டாம் நாளே டேப்பைப் பிய்த்து எறிபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முப்பத்தொன்பதாயிரம் மிச்சம்.

அக்குறணைச் சகோதரரின் கணக்கு எப்படி வந்தது என்றால், பிடித்த படங்கள் இரண்டு இடத்தில் குவிந்திருந்தன. குடும்பமாக எடுத்தவை 18 பக்கம், தனி ஆளாக எடுத்தவை 45க்கு மேல். கலங்கியவை எல்லாம் இரவு நேர, வீட்டுக்குள் படங்கள். உம்மாவுடைய படங்கள் இரண்டாம் வகை. ஆகவே கடைப் பொடியன் சொன்ன 18-135 அவருக்கு உதவாது. அதுவும் தூர முனையில் எஃப் 5.6தான், உம்மாவின் மண்டபத்தில் அது ஒரு துளி வெளிச்சமும் கூடுதலாகத் தராது. 50 எஃப் 1.8 அவருக்குப் பொருந்தும் என்றேன். ஆனால் அதற்கு முன் செலவில்லாத ஒன்றைச் செய்யச் சொன்னேன். உம்மாவின் கதிரையைப் பகலில் ஜன்னல் ஓரமாகத் திருப்பிப் போட்டு, உள்ளதை வைத்தே பத்துப் படம் எடுங்கள் என்று. எடுத்து அனுப்பினார். முதல் தடவையாக உம்மா கண் திறந்து சிரித்த படம் அது, எடுத்தது பழைய கிட் லென்ஸ். பிறகு 50உம் வாங்கினார். உம்மா இஷாவுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரத்துக்கு ஜன்னல் உதவாதே.

அதிலும் ஒரு நுணுக்கம் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எஃப் 1.8இல் 50 மி.மீ. லென்ஸோடு ஒன்றரை மீற்றர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்ரிமீற்றர்தான். கண் தெளிவு, காது மங்கல். தனி முகத்துக்கு அதுதான் அழகு, பின்னணி கரைந்து முகம் எழும்பி நிற்கும். மடியில் பேரப்பிள்ளை இருந்தால் இரண்டு முகமும் ஒரே தூரத்தில் இருக்காது, ஒன்று மங்கிவிடும். அப்போது எஃப் 4 வரை துவாரத்தை ஒடுக்க வேண்டும், ஆழம் சுமார் 14 சென்ரிமீற்றர் கிடைக்கும். ஆனால் எஃப் 4இன் வெளிச்சம் எஃப் 5.6ஐப் போல் இரண்டு மடங்குதான். பத்து மடங்கு என்று சொன்னது எங்கே போயிற்று? ஆழத்துக்கு விலையாகப் போயிற்று. பிரைம் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கூட்டப் படத்துக்குப் பிரைம் வாங்குபவர் அந்தப் பத்து மடங்கை ஒருநாளும் முழுதாகப் பாவிக்கமாட்டார்.

பிரைமில்தான் கூர்மை, சூமில் இல்லை என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிலிம் கெமராவுக்கான முதல் சூம் லென்ஸ் 1959இல் ஜேர்மனியின் ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸூமார், 36இலிருந்து 82 மி.மீ. வரை. நகரும் பல வில்லைகளை ஒரே குழாய்க்குள் சரியாக அமர்த்துவது அன்று பெரும் பாடு. நிறையப் பழைய சூம்கள் மங்கலாகத்தான் எடுத்தன. அந்தக் காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணினியில் வில்லைகளை வடிவமைக்கும் காலத்தில், எஃப் 8இல் எடுத்த இரண்டு படத்தைத் தபாலட்டை அளவில் அச்சடித்துக் கொடுத்தால் எது பிரைம், எது சூம் என்று சொல்வது கஷ்டம். கூர்மைக்காக மட்டும் பிரைம் வாங்குகிறேன் என்பவர் முதலில் ஒரு முக்காலி வாங்கட்டும்.

இரண்டு உலகமும் வேண்டும் என்பவர்களுக்கு நடுவில் ஒரு வகை உண்டு. எல்லா இலக்கத்திலும் எஃப் 2.8 தரும் சூம்கள். தம்ரொன் நிறுவனத்தின் 17-50 எஃப் 2.8 லென்ஸ் 2006இல் வந்தது, பழைய டி.எஸ்.எல்.ஆர். கெமராக்களுக்குப் பாவித்த நிலையில் கிடைத்தால் நல்ல சரக்கு. எஃப் 5.6ஐப் போல் நான்கு மடங்கு வெளிச்சம். சிக்மா நிறுவனம் 2013இல் 18-35 சூமை எஃப் 1.8இலேயே செய்து காட்டியது, ஆனால் எடை 800 கிராமைத் தாண்டும். 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். 160 கிராம். கழுத்தில் தொங்கும் பாரமும் ஒரு செலவுதான். பாரமான லென்ஸ் வீட்டிலேயே தங்கிவிடும், வீட்டில் தங்கிய லென்ஸ் தேங்கிய சரக்கு.

கடைச் சாமானைப் படம் எடுத்துப் போடுவதற்காக லென்ஸ் வாங்கப் போகும் வாசகர்களுக்கு என் கருத்து: வேண்டாம். அசையாத சாமானுக்கு எஃப் 1.8 எதற்கு? முக்காலியில் கெமராவை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், எஃப் 8இல் கிட் லென்ஸால் எடுங்கள். பல 18-55 லென்ஸ்களில் 25 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம், 50 எஃப் 1.8 எஸ்.டி.எம்.இல் 35. துணியின் நெசவையோ பொத்தானையோ கிட்டக் காட்டுவதில் சும்மா வந்த லென்ஸே முந்தும். என் கடையில் நிறம் மாறித் தெரிகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதற்கெல்லாம் காரணம் ரியூப் லைட் வெளிச்சம்தான். நகைக்கடைக்காரர் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு வேண்டியது மேக்ரோ லென்ஸ், அது தனிக் கதை.

இனி வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை. பழைய கிட் லென்ஸை மாற்றாகத் தாருங்கள், விலையில் குறைக்கிறேன் என்பார்கள். கொடுக்காதீர்கள். ஊரெல்லாம் கிடைக்கும் லென்ஸ் அது, அதற்கு அவர்கள் கழிப்பது அற்பத் தொகை. பிரைமால் முடியாத அந்த எட்டு அடி மண்டபப் படம் அதில்தான் இருக்கிறது.

நிக்கோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. டி3000, டி5000 வரிசைக் கெமராக்களுக்குள் லென்ஸைத் திருப்பும் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று 50 எஃப் 1.8 டி என்ற பழைய பிரைமை வாங்கி மாட்டினால் அது தானாகக் குவியாது, கையால்தான் திருப்ப வேண்டும். பெயரில் ஏ.எஃப்.-எஸ். என்றிருப்பதைக் கேளுங்கள். 2009இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 ஜி அந்தக் கெமராக்களுக்கென்றே செய்யப்பட்டது. 50ஐ விட அகலம் என்பதால் நம் வீடுகளுக்கும் தோதானது.

அடுத்த கெமரா என்ன என்பதையும் யோசியுங்கள். புதியவை பெரும்பாலும் மிரர்லெஸ் வகை. கெனனின் பழைய ஈ.எஃப். லென்ஸ்களை ஒரு அடப்டர் மூலம் புதிய ஆர் வரிசைக் கெமராவில் பாவிக்கலாம், தானாகவும் குவியும். ஆனால் ஈ.எஃப்.-எம். என்ற வகை லென்ஸ்களை ஆர் கெமராவில் மாட்ட வழியில்லை, அந்த வரிசையையே கெனன் நிறுத்திவிட்டது. விலை குறைவாக வருகிறதென்றால் காரணம் இல்லாமல் வராது.

பாவித்த லென்ஸ் வாங்குவதில் தவறில்லை, நானும் வாங்குகிறேன். நம் நாட்டு ஈரக் காற்றில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சணம். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, கைத்தொலைபேசி டோர்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறு பக்கத்தால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை நூல் போலவோ பனித்துகள் போலவோ உள்ளே தெரிந்தால் விலை பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள். துடைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம், கண்ணாடியின் பூச்சை அது அரித்திருக்கலாம். ஓரிரண்டு தூசிப் புள்ளி இருந்தால் படத்தில் தெரியாது, அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். சூமாக இருந்தால் வளையத்தை முனைக்கு முனை திருப்பிப் பாருங்கள், நடுவில் சிக்கக் கூடாது, கீழே பிடித்தால் தானாக வழுகி இறங்கவும் கூடாது. உள்ளும் வெளியும் போய்வரும் குழாய் காற்றையும் தூசியையும் உறிஞ்சும் என்பதால் பழைய சூமைப் பழைய பிரைமை விடக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு கறுப்புப் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் நம் பழக்கம். பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளோடு வையுங்கள், ஈரத்தில் நிறம் மாறும் வகை என்றால் மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். பூஞ்சணம் பிடித்த லென்ஸ் ஏற்கனவே வீட்டில் இருந்தால் புதியதை அதோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.